பங்கு என்னும் சொல்

(பரளச்சியில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சொல்லும் நிலமும்

பங்கு என்பது வறண்ட நிலத்து மக்களின் நாவில் நாள்தோறும் வழங்கும் சொல். கண்மாய் வற்றும் காலத்தில் பிடித்த மீனில் ஊராருக்குப் பங்கு உண்டு. குலதெய்வத்திற்கு வெட்டிய கிடாயைக் கூறு போட்டு வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பர். பூர்வீகப் புஞ்சையைப் பாகம் பிரிக்கும்போது உடன்பிறந்தார் பங்காளிகள் ஆவர். சில வேளைகளில் பகையாளிகளும் ஆவர். ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர் பங்குக்குரியவர், கொடாதவர் புறத்தார். மழை குறைந்த ஊரில் உள்ளது சிறிது. ஆதலால் அதனைப் பகிரும் முறை பெரிதாகிறது. பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இந்த ஒரு சொல்லுக்குள் உரிமையும் உறவும் வழக்கும் சேர்ந்தே கிடக்கின்றன.

இதே சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் மற்றொரு பொருளிலும் ஆள்கின்றனர். ஒரு குருவின் பொறுப்பில் விடப்பட்ட ஊர்களின் தொகுதி அவர்களுக்குப் பங்கு. அக்குரு பங்குக்குரு, அம்மக்கள் பங்கு மக்கள், தலைமைக் கோயிலைச் சார்ந்த சிற்றூர்கள் கிளைப் பங்குகள். கிளை என்பதும் இம்மண்ணுக்குப் புதிதன்று. மறவர் குலத்தார் மண உறவு பேசும்போது முதலில் விசாரிப்பது கிளையைத்தான். கடல் கடந்து வந்த ஒரு சமய அமைப்பு, தனக்குரிய பெயர்களை இங்குள்ள நிலப் பகிர்விலும் குருதி உறவிலும் கண்டெடுத்துக்கொண்டது என்பது சொல்லாராய்ச்சியாளர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காலம் தொட்டு இத்தகைய சொல்லாக்கம் நிகழ்ந்து வந்துள்ளது. கோவில், குரு, வேதம், பூசை, அருள் என இங்கு வழங்கிய சொற்கள் கிறித்தவத்தின் சொற்களாயின. ஆயின், ஒரு சொல்லை எடுத்துக்கொள்பவர் அச்சொல்லின் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். பங்கு என்று பெயரிட்டுக்கொண்ட இடத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது? அங்கே வளர்ந்த பாட்டும் கூத்தும் விழாவும் இனி யார் பங்கில் சேரும்? இவ்விரு வினாக்களுமே இவ்வுரையின் பொருள்.

ஊரும் விழாவும்

பரளச்சிக்குத் தென்மேற்கே, எட்டயபுரத்தையும் கோவில்பட்டியையும் அடுத்த கரிசல் நிலத்தில் இருப்பது காமநாயக்கன்பட்டி. வடகிழக்கே பாம்பாற்றங்கரையில் இருப்பது ஓரியூர். முன்னது பரலோக மாதாவின் ஊர். பின்னது அருளானந்தரின் ஊர்.

ஓரியூரின் வரலாறு ஒரு கொலைக்களத்தில் தொடங்குகிறது. 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்னும் பெயர் பூண்டு, பண்டாரசாமி கோலத்தில் மறவர் நாட்டில் சமயப் பணி செய்தார். தடியத்தேவர் என்னும் தலைவர் கிறித்தவம் தழுவியபோது, ஒரு மனைவியை மட்டும் ஏற்றுப் பிற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள். குடும்பத்துள் மூண்ட அச்சினம் குருவின்மேல் திரும்பியது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. அங்குள்ள செம்மண் அவருடைய குருதியால் சிவந்தது என்று நம்பும் மக்கள் அம்மண்ணைப் பிடி அளவு எடுத்துச் செல்வர். நோயுற்றார்க்கும் பிள்ளை வேண்டுவார்க்கும் அது மருந்தாகிறது. அவ்வாறு எடுத்துச் செல்வோருள் கிறித்தவரல்லாதாரும் பலர். எந்த நாட்டில் அவர் கொல்லப்பட்டாரோ, அந்த நாட்டு மக்களே அவரைத் தம் காவல் தெய்வங்களின் வரிசையில் வைத்துக்கொண்டனர். கொலையுண்டவரைத் தெய்வமாக்கி வழிபடும் தென்னாட்டு மரபு இங்குச் சமய எல்லையைக் கடந்து செயற்பட்டுள்ளது.

காமநாயக்கன்பட்டியின் பெருவிழா ஆகஸ்டு 15. அந்நாள் ஆடியின் இறுதியில் வருவது. கரிசலில் புரட்டாசியில்தான் விதைப்புத் தொடங்கும். உழுது போட்ட நிலம் மழைக்குக் காத்திருக்க, கையில் வேலையில்லாத காலம் அது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதமும் அதுவே. விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்னையின் திருநாள், மழையை நோக்கி விண்ணைப் பார்த்திருக்கும் மக்களின் ஓய்வுக் காலத்தில் வந்து பொருந்துகிறது. கொடியேற்றம், நவநாள், சப்பரம், தேர் என விழா விரியும். நேர்ந்துகொண்டவர்கள் தேருக்குப் பின்னே தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டும் உருண்டுகொண்டும் வருவர். ஓரியூர்த் திருநாளோ தை மாதத்தில், கதிர் வீட்டுக்கு வந்த பின் வருவது. உரோமை நாள்காட்டி உழவரின் நாள்காட்டியோடு உறவு கொண்ட இடங்களிலெல்லாம் விழா வேரூன்றி நின்றது எனலாம்.

இவ்வட்டாரத்துச் சருகணிக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தவர்கள் மருது சகோதரர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அவ்வீரர்கள், காளையார்கோவில் கோபுரத்தையும் சருகணித் தேரையும் ஒரே கண்ணால் நோக்கினர். அவர்களுக்கு அஃது அயலார் கோயில் அன்று. தம் குடிகளின் கோயில். ஆட்சியாளர் அளித்த தேர் குடிகளின் தோளுக்கு வந்தபோது, வடத்தை யார் தொடுவது என்னும் வினாவும் உடன் வந்தது. பங்கு என்னும் சொல்லின் மறுபக்கம் அங்கே தொடங்குகிறது.

சுவரும் வழக்கும்

பரளச்சிக்கு அண்மையிலுள்ள கமுதியில் 1897-இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததும், அதன்மேல் எழுந்த வழக்கும் இவ்வட்டாரம் அறிந்த வரலாறு. கீழ்நீதிமன்றத்திலிருந்து இலண்டன் பிரிவியூ கவுன்சில் வரை நடந்த அவ்வழக்கில் 1908-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. நாடார்களுக்கு அக்கோயிலில் நுழையும் உரிமை இல்லை என்று அது கூறியது.

அதே காலத்தில் தெற்கே வடக்கன்குளத்தில் மற்றொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. 2022-இல் புனிதர் பட்டம் பெற்ற அவர், சாதி வேற்றுமை பாராது பழகியவர் என்று போற்றப்படுபவர். அவ்வூரில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் வியப்பான அமைப்புடையது. பீடம் ஒன்று, அதனின்று பிரியும் மண்டபங்கள் இரண்டு. வெள்ளாளர் ஒரு மண்டபத்திலும் நாடார் மற்றொன்றிலும் நின்று வழிபட்டனர். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காண இயலாது. கட்டடக் கலைஞர் சாதியை அளந்து கட்டிய கோயில் என்று அதனைக் கூறலாம். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. ஆயினும் சுவர் மீண்டும் எழவில்லை. இவ்வரலாற்றை ஆவணங்களின் துணைகொண்டு ஆராய்ந்த ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ என்னும் நூல் இத்துறையில் கற்பார்க்கு இன்றியமையாதது.

1908, 1910 என்னும் இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்குக. கமுதியில் ஒரு மக்கள் தொகுதிக்குக் கோயிலில் பங்கில்லை என்று சட்டம் கூறியது. இரண்டே ஆண்டுகளில் வடக்கன்குளத்தில் அம்மக்கள் தொகுதியைப் பிரித்து நிறுத்திய சுவர் வீழ்ந்தது. இதனால் ஒரு சமயம் உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஏனெனில் வடக்கன்குளத்துச் சுவரைக் கட்டியதும் கிறித்தவக் கைகளே. அது முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்றது. கல்லறைத் தோட்டத்தில் தனி இடம், பாடகர் குழுவில் தனி வரிசை, தேர் செல்லாத தெரு என அச்சுவரின் சிறு சிறு துண்டுகள் பல பங்குகளில் நெடுங்காலம் நிலைத்தன. தலித் மக்கள் நிலையோ இருபுறமும் இழப்பாயிற்று. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. கோயிலுள் சாதியைக் காரணம் காட்டிப் பங்கு குறைக்கப்பட்டது. அரசு மன்றத்திலோ, கிறித்தவர்க்குச் சாதியில்லை என்று காரணம் காட்டிப் பங்கு மறுக்கப்பட்டது.

2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் நிகழ்ந்தது இதன் உச்சம். அங்குள்ள தலித் கத்தோலிக்கர் தங்கள் கோயிலைத் தனிப் பங்காக ஆக்கித் தருமாறு வேண்டினர். மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தனிப் பங்கு என்னும் தொடரை இங்கு ஊன்றிக் கேட்க வேண்டும். ஒன்றாயிருந்து கிடைக்காத பங்கைப் பிரிந்து பெற முயன்றோரின் சொல் அது. பாகப் பிரிவினையின் வேதனையை அறிந்த கரிசல் மக்களுக்கு அத்தொடரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பாட்டின் பங்கு

இலக்கிய வட்டத்தார்க்கு நேரே உரியது அடுத்த செய்தி. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. அதன் பின்னரே தாய்மொழியில் பூசை நிகழலாயிற்று. அதுவரை பீடத்தில் ஒலித்தது இலத்தீன். குரு மக்களுக்கு முதுகு காட்டி நின்று, மக்கள் அறியாத மொழியில் பூசை வைத்தார். மக்கள் செபமாலை உருட்டினர்.

அவ்வாறெனில் தமிழ் எங்கே இருந்தது? அது பீடத்தைச் சுற்றி வெளியே இருந்தது. திண்ணையில், மேடையில், தெருவில், கல்லறையில் இருந்தது. வீரமாமுனிவர் 1710-இல் இந்தியா வந்து, தம் தொடக்க காலப் பணியைக் காமநாயக்கன்பட்டிப் பகுதியில் செய்தார். பின்னாளில் அவர் யாத்த ‘தேம்பாவணி’ 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அது புலவர் அவைக்கு உரியது. அவரே ‘கித்தேரியம்மாள் அம்மானை’யையும் பாடினார். அம்மானையோ பெண்கள் கூடியிருந்து பாடிக் கேட்கும் வடிவம். பன்மொழிப் புலவர் ஒருவர் காப்பியம் பாடிய கையால் அம்மானையும் பாடியதற்குக் காரணம், புலவர் அவைக்கு வெளியே இருந்த மக்களுக்கும் தமிழில் ஒரு பங்கு உண்டு என்று அவர் உணர்ந்தமையே ஆதல் வேண்டும்.

இலங்கையில் யாகப்ப கொன்சால்வஸ் அடிகளார் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஓதப்படும் நூல். அடிகளார் 1742-இல் மறைந்தார். அவர்தம் நூலோ கடலின் இருகரையிலும் கண்ணீரை வரவழைத்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாசாப்பு, நாடகம் என்னும் பெயர்களில் கூத்துக்கள் வளர்ந்தன. மூன்று அரசர் கதையும் எஸ்தாக்கியார் கதையும் ஞானசவுந்தரி கதையும் மேடையேறின. யாழ்ப்பாணத்தில் 1965-இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர் சூழ்ந்த காலத்திலும் திருப்பாடுகளின் நாடகத்தைக் கைவிடவில்லை. தமிழகத்தில் வைகைக் கரையிலுள்ள இடைக்காட்டூரில், 1894-இல் எழுந்த திரு இருதய ஆலயத்தின் வளாகத்தில், ஆண்டுதோறும் நிகழும் பாஸ்கா பலரும் அறிந்தது. பிரெஞ்சு நாட்டுக் கோதிக் கோபுரத்தின் கீழே தமிழகத்து உழவர் பிலாத்துவாகவும் பேதுருவாகவும் நிற்கின்றனர்.

இவ்வகைக் கூத்துக்களை ஆடியவர்கள் கற்றோர் அல்லர். கோவிற்பிள்ளையோ உபதேசியாரோ பழைய குறிப்பேட்டிலிருந்து சொல்லிக்கொடுக்க, கேட்டு மனனம் செய்தவர்கள். பெரிய வெள்ளியன்று மாதாவின் புலம்பலைப் பாடிய பெண்கள், முந்திய வாரம் ஊரில் இறந்தவருக்கு ஒப்பாரி பாடியவர்களே. மெட்டு ஒன்று, இழவு வேறு. மகனை இழந்த தாயின் துயரைச் சொல்ல அவர்கள் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரி என்னும் இலக்கிய வகையின் வரலாற்றை எழுதுவோர், கோயில் வாசலில் பாடப்பட்ட இப்புலம்பல்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

சங்கத்திற்குப் பின் தமிழ் பீடத்தில் ஏறியது. அது பெரும் பேறு. ஆயினும், அதனோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. அச்சிட்ட பாட்டுப் புத்தகம் வந்தது. ஆர்மோனியத்தின் இடத்தில் மின்னிசைக் கருவி வந்தது. எல்லாப் பங்குகளிலும் ஒரே பாட்டு ஒலிக்கலாயிற்று. பீடத்திற்குச் சென்ற தமிழ் திண்ணைக்குத் திரும்பவில்லை. ஊருக்கு ஒரு மெட்டாக இருந்த புலம்பல்கள், அவற்றைப் பாடிய பாட்டிமாரோடு மண்ணுக்குப் போயின. தமிழுக்கு உரிய பங்கு கிடைத்த அதே காலத்தில், தமிழைக் காத்து வைத்திருந்த எளிய பெண்டிரின் பங்கு குறைந்தது. இதனை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எவரும் கவனிக்கவுமில்லை என்பதே வருந்தத் தக்கது.

கடல் கடந்த பங்குகள்

மண்ணை விட்டுப் பெயர்ந்த மக்கள் பங்கு என்பதனை எவ்வாறு காத்தனர் என்று நோக்கினால் இது மேலும் தெளிவாகும். போலந்து நாட்டவர் வட அமெரிக்காவில் குடியேறியபோது முதலில் எழுப்பியது கோயில். டெக்சாஸ் மாநிலத்துப் பன்னா மரியா என்னும் ஊரில் 1854-இல் அவர்தம் முதற்பங்கு தோன்றியது. சிகாகோவில் 1867-இல் தோன்றிய புனித ஸ்தனிஸ்லாஸ் கொஸ்த்கா பங்கு, அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டின் மிகப் பெரிய பங்குகளுள் ஒன்றாயிற்று. பள்ளிக்கூடமும் சங்கமும் பாடகர் குழுவும் அக்கோயிலைச் சுற்றி எழுந்தன. ஆலையில் பகலெல்லாம் அயல்மொழி கேட்டவர்கள் மாலையில் தம்மொழி கேட்கக் கூடிய இடம் அது.

அவர்தம் வழக்கங்களுள் ஒன்று இங்கே எடுத்துரைக்கத் தக்கது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவில் குடும்பத்தார் உணவுக்கு அமரும் முன், மாவினால் செய்த மெல்லிய அப்பம் ஒன்றைக் கையில் எடுத்து ஒருவர்க்கொருவர் பிட்டுக் கொடுப்பர். தொலைவில் உள்ள உறவினர்க்கு அதன் துண்டை அஞ்சலில் அனுப்புவதும் உண்டு. மேசையில் ஓர் இடம் வெறுமையாக விடப்படும். எதிர்பாராது வரும் விருந்தினர்க்கு அது. குருத்து ஞாயிறன்று, பனையோ தென்னையோ விளையாத அந்நாட்டு மரபில் வில்லோ மரக் கிளையைப் பிடிப்பர். பனங்குருத்தைப் பின்னிச் சிலுவை செய்யும் தமிழ்நாட்டுச் சிறுவர்க்கு இஃது வேடிக்கையாகத் தோன்றும். கையில் கிடைத்ததைக் கொண்டு வழிபடுதலே மக்கள் சமயத்தின் இயல்பு.

பங்குரிமைப் பூசல் அவர்களையும் விடவில்லை. கோயிற் சொத்தின் ஆளுகையில் மக்களுக்கும் உரிமை வேண்டும் என்று பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரத்துப் போலந்தியர் கேட்டனர். அது மறுக்கப்பட்டதால் 1897-இல் தனித் திருச்சபை கண்டனர். 1901-இல் அச்சபையில் பூசை போலந்து மொழியில் நிகழ்ந்தது. வத்திக்கான் சங்கத்திற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே. தாம் உழைத்துக் கட்டிய கோயிலில் தம் குரலுக்கு இடம் வேண்டும் என்னும் வேட்கை மக்களுக்குப் பொதுவானது.

தமிழரும் அவ்வழி சென்றவர்களே. சிங்கப்பூரில் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. ஈழத்துப் போரினால் ஐரோப்பாவுக்குச் சிதறிய தமிழர், ஜெர்மனியின் கெவலார் என்னும் மாதா தலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் கூடுகின்றனர். சைவரும் அங்கே வருகின்றனர். மடுவுக்குச் செல்ல இயலாத காலத்தில் அவர்களுக்குக் கெவலாரே மடுவாயிற்று. திருச்சுழிப் பகுதியினர் முற்காலத்தில் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பெயர்ந்தனர். இக்காலத்தில் திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பெயர்கின்றனர். அவர்களுள் எச்சமயத்தாரும் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பெடுத்து வருவது தேர் பார்க்க மட்டுமன்று. வரி கட்டிப் பங்கு பெற வருகின்றனர். இந்த ஊரில் தமக்கு இன்னும் ஓர் இடம் உண்டு என்பதை உறுதி செய்துகொள்ள வருகின்றனர்.

ஒரே உலை

தென் மாவட்டத்துக் கிறித்தவக் கோயில்களில் விழா முடிவில் நிகழ்வது அசனம். பெரிய பாத்திரங்களில் சோறும் குழம்பும் ஆக்கி வந்தவர் எல்லார்க்கும் இடுவர். அரிசி ஒருவர் தருவார், ஆடு ஒருவர் தருவார், விறகு ஒருவர் தருவார். வைத்துப் பார்த்தால் அசனமே பங்கு என்னும் சொல்லின் நேரான உரை. யாவரும் கொடுக்க, யாவரும் உண்ணுதல்.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு இக்கருத்தைத் தம் பணியின் நடுவில் வைத்தார். பரட்டை என்னும் பெயரில் அறியப்பட்ட அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். ஒரே உலையில் ஆக்கி எல்லாரும் உண்ணும் வாழ்வே இறையாட்சி என்று அவர் கற்பித்தார். வழிபாட்டுக்கு நாட்டுப்புற மெட்டுக்களையும் பறை இசையையும் கொண்டுவந்தார். தாழ்ந்தது என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இசை பீடத்தின் முன் ஒலித்தது. பீடம் ஏறும்போது ஊர்ப்பாட்டை இழக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு அவர் பணி சான்று.

ஆகவே மரபைக் காத்தல் என்னும் தொடரை எச்சரிக்கையோடு ஆளுதல் நன்று. தேரும் மரபு, தேர் போகாத தெருவும் மரபு என்றே வாதிடப்பட்டது. புலம்பலும் மரபு, சுவரும் மரபு என்றே வழக்காடப்பட்டது. எதைக் காப்பது, எதை விடுவது என்பதற்கு அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைப் பங்கு என்னும் சொல்லே தருகிறது. பகிர்வதனால் வளர்வது காக்கத் தக்கது. பிறர்க்கு மறுப்பதனால் மட்டும் நிற்பது விடத் தக்கது. ஓரியூர் மண்ணைப் பிடி அளவு அள்ளிச் செல்பவரிடம் சாதியும் சமயமும் கேட்பாரில்லை, அம்மரபு வாழ்கிறது. வடக்கன்குளத்துச் சுவர் ஒரு சாராரின் பெருமைக்காக நின்றது. அஃது இன்று வரலாற்று நூலில் மட்டும் நிற்கிறது.

வட்டத்தின் பங்கு

பத்தாண்டு நிறைவு செய்யும் இலக்கிய வட்டத்திற்கு இவ்வுரை ஒரு வேண்டுகோளை வைக்கிறது. வறண்ட நிலத்துச் சிற்றூர்க் கோயில்களில், மர அலமாரிகளிலும் உபதேசியார் வீட்டுப் பரண்களிலும், பழைய நாடகக் குறிப்பேடுகள் இருத்தல் கூடும். பிரதி செய்து பிரதி செய்து எழுத்துப் பிழை மலிந்தவை, கரையானுக்கு இரையாகிக்கொண்டிருப்பவை. அவற்றைத் தேடிப் படியெடுத்தல் வேண்டும். புலம்பல் பாடத் தெரிந்த முதிய பெண்கள் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பாட்டை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். பாடியவர் விரும்பினால் அவர் பெயரை முதலில் எழுதி, தொகுத்தவர் பெயரைப் பின்னர் எழுதுதல் வேண்டும். நாட்டுப்புற இலக்கியத் தொகுப்புகள் பலவற்றில் பாடியவர்க்குப் பங்கில்லாமற் போனதை அறிஞர் அறிவர்.

தொகுக்கும்போது தேரோடும் தெருவில் மட்டும் நின்றுவிடுதல் கூடாது. தேர் வராத தெருவிலும் பாட்டு உண்டு. அத்தெருவில் மாதாவுக்குப் பாடிய பாட்டில் வேறொரு துயரம் கலந்திருக்கும். அதனையும் சேர்த்துத் தொகுத்தால்தான் அது பங்கின் இலக்கியம் ஆகும். இன்றேல் ஒரு பகுதியாரின் இலக்கியமாகவே நிற்கும். இப்பணிக்குக் கிறித்தவராய் இருத்தல் வேண்டியதில்லை. அம்மன் கும்மியைத் தொகுக்க வைணவரும், நபிமார் கதைப் பாடலைத் தொகுக்கச் சைவரும் முன்வரும் வட்டமே வட்டம் எனப்படும்.

இச்சிற்றூர்களில் இம்மக்கள் தங்களுக்கு வந்த கதையை வாங்கிக்கொண்டு, அதனைத் தம் மெட்டில் பாடி, தம் கண்ணீரைச் சேர்த்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தனர். கொடுத்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. எழுதக் கற்றவர்கள் கூடியிருக்கும் இவ்வவையில் அக்கடனை நினைவூட்டுவதே இவ்வுரையின் நோக்கம். அடுத்த ஆடியில் காமநாயக்கன்பட்டியில் கொடியேறும். அடுத்த தையில் ஓரியூரில் மக்கள் கூடுவர். வட்டத்தார் சிலர் குறிப்பேட்டோடும் ஒலிப்பதிவுக் கருவியோடும் அங்குச் சென்று அமர்வாராயின், பதினோராம் ஆண்டு நல்ல முறையில் தொடங்கியதாகும்.